கிளம்பிட்டேன்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும் என்பது எங்கள் தெருவில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அது தெரிந்துதான் பட்டியலை என்னிடம் கொடுத்தார்கள். நல்ல மனசுக்காரர்களிடம் கொடுத்தால் ஆளாளுக்கு ஒரு சாக்குச் சொல்லிவிட்டு நழுவிவிடுவார்கள், டைலரம்மாவிடம் அந்தப் பருப்பு வேகாது என்று கரண்ட்காரர் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் அக்காதான்.

எங்கள் தெரு மலைச்சரிவில் ஏறும் தெரு. நாற்பத்திரண்டு வீடுகள். ஒன்றாம் நம்பர் கீழே பள்ளிக்கூடத்துக்கு எதிரில், பிறகு மேலே போகப் போக நம்பரும் ஏறும். அக்கா வீடு பதினேழு. என் வீடும் தையல் கடையும் முப்பத்தொன்பது. வீடுகளுக்குப் பின்னால் ஒரு குறுகலான படிக்கட்டுச் சந்து உண்டு. அவசரத்துக்கு அக்கா வீட்டிலிருந்து என் வீட்டுக்கு அதில் ஏறினால் ஐந்து நிமிடம். எனக்கு ஆளில்லை, அக்காவுக்கும் அத்தான் போனபின் ஆளில்லை. அவள் மகள் தொலைதூர நகரத்தில் வேலை பார்த்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் அந்தச் சந்துதான் கூடம் மாதிரி. என் வீட்டுச் சாவி ஒன்று அவளிடம், அவள் வீட்டுச் சாவி ஒன்று என்னிடம்.

மேலே சரிவில் விரிசல் விழுந்திருப்பதை அளவெடுக்க வந்தவர்கள் இரண்டு வருடத்துக்கு முன்னால் கண்டுபிடித்தார்கள். இரும்புக் கழிகளை நட்டார்கள், நூல் கட்டினார்கள், புகைப்படம் எடுத்தார்கள். மழை ஓர் அளவைத் தாண்டினால் சைரன் ஊதும், ஊதினால் அரைமணி நேரம் கிடைக்கலாம், அதற்குமேல் உத்தரவாதம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வேறு இடம் கேட்டு நாங்கள் கொடுத்த மனு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. சரி, அரைமணி நேரத்தில் எப்படி ஓடுவது என்றாவது கற்றுக்கொள்வோம் என்று நாங்களே கூடினோம்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். பள்ளிக்கூட மொட்டைமாடி சைரன் கரண்ட்காரர் பொறுப்பு. படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் தூக்கிவர மருந்துக்கடைக்காரரும் அவர் தம்பிமார்களும். எல்லோரும் பள்ளி வாசலில் கூடி பஸ்ஸில் ஏறிப் போவது என்று ஏற்பாடு; பட்டியலும் போனும் நான். அது போதாதென்று நாற்பத்திரண்டு பைகளும் தைத்தேன். பள்ளிப் பிள்ளைகளின் மழைக்கோட்டுக்கு வாங்கிய ஆரஞ்சுத் துணியில் ஒரு சுருள் மிச்சம் கிடந்தது. உள்ளே பத்திரங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, மாத்திரைக்கு ஒரு பாக்கெட், டார்ச்சுக்கு ஒன்று, தோள்பட்டையில் விசில் மாட்ட ஒரு கொக்கி. வெளியே கறுப்பு நூலில் வீட்டு நம்பர். வாசல்கதவுக்குப் பின்னால் ஆணி அடித்து இதை மட்டும் மாட்ட வேண்டும், வேறெதையும் மாட்டக் கூடாது என்று வீடு வீடாகச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனால் பதினேழாம் நம்பர் பை கொடியில் தொங்குகிறது. உள்ளே துணி கிளிப்புகள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பூனை ஓடிவிட்டது.

அவள் அப்படித்தான். பிறந்ததிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஆற அமர. வீட்டில் அவளுக்குப் பெயரே 'இதோ'. யார் கூப்பிட்டாலும் "இதோ வந்துட்டேன்" என்று குரல் வரும், ஆள் வராது. "கிளம்பிட்டேன்" என்று சொன்னால் இன்னும் சீப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். சீப்பு கிடைத்துத் தலை வாரும்போது "பாதி வழி வந்துட்டேன்" என்பாள். அவளுக்கு மட்டும் எதற்கும் அரைமணி நேரம் முன்னதாகச் சொல்லிவைப்பது எங்கள் வழக்கம். அது அவளுக்கும் தெரியும் என்பதால் அதிலும் அரைமணி நேரம் கழித்துக்கொள்வாள். க்ளினிக்கில் சலவைப் பகுதியில் வேலை. அங்கே படுக்கை விரிப்புகளை மடிப்புக் கலையாமல் அடுக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். அங்கேயும் தினமும் தாமதம்தான்.

அவளை மட்டும் சொல்வானேன். நம் ஆட்கள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. குளியலறையிலிருந்து கொண்டே கிளம்பிட்டேன் என்போம். துணியில் இன்னும் கத்திரிக்கோல் படாதபோதே "தைச்சாச்சுங்க, காஜா மட்டும்தான் பாக்கி" என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்பவருக்கும் அது தெரியும். யாரும் பொய் என்று நினைப்பதில்லை. செய்யப்போவதைச் செய்துவிட்டதாகச் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு ஒரு நிம்மதி, அவ்வளவுதான். போனில் "கிளம்பிட்டீங்களா" என்று கேட்டு டிக் போடுவது என்று நான் முடிவு செய்தபோது கரண்ட்காரர் இதைத்தான் சொன்னார். ஆமாம் என்று சொல்லாதவன் யார் என்றார். அதற்குத்தான் இரண்டு கட்டங்கள் போட்டிருக்கிறேன் என்று பட்டியலைக் காட்டினேன். போனில் பதில் சொன்னால் முதல் கட்டத்தில் ஒரு டிக். பள்ளி வாசலில் முகத்தைக் கண்டால் அடுத்த கட்டத்தில் ஒன்று. கடைசிக் கட்டம், எத்தனை நிமிடத்தில் வந்தார்கள் என்பதற்கு.

ஒத்திகை மூன்று முறை நடந்தது. அந்தக் கடைசிக் கட்டத்தில் எல்லா வீட்டுக்கும் எட்டு, பத்து, பன்னிரண்டு என்று இருந்தது. பதினேழாம் நம்பருக்கு முதல் தடவை இருபத்திரண்டு. அடுத்த தடவை பத்தொன்பது; அதற்கு நான் பாராட்டினேன்கூட. மூன்றாவது தடவை இருபத்தாறு. தெருவே பள்ளி மைதானத்தில் நின்று இவள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலையில் சீப்பு குத்தியபடி, பை இல்லாமல், யாரோ விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி சிரித்துக்கொண்டு வந்தாள்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "நாப்பத்தோரு வீட்டுக்காரங்க உசுரும் உன் சீப்புலதான் தொங்குதா? அடுத்த தடவை பை இல்லாம வந்தா அக்கான்னு பாக்க மாட்டேன், பஸ்ல ஏத்தாம விட்டுட்டுப் போயிடுவேன்" என்று கத்தினேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். சீப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எல்லோரும் கலைந்து போனபின் சந்துப் படியில் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"எல்லார் முன்னாடியும் சொல்லணுமாடி?"

அப்போதுதான் உறைக்கும் என்றேன். அவள் தன் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் வழக்கம்போல வந்தாள், போனாள், பேசினாள். நான் அதை மறந்தே போய்விட்டேன்.

அந்த வாரம் ஆறு நாளாக மழை விடவில்லை. ஏழாம் நாள் மதியம் நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சீருடை அளவெடுத்துக்கொண்டிருந்தேன். பட்டியல் எப்போதும் என் கைப்பையில் இருக்கும். கைப்பையில் இன்ஹேலரும் இருந்தது. எனக்கு இழுப்பு உண்டு, மழைக்காலத்தில் அது இல்லாமல் நாலடி நடக்க மாட்டேன். இரண்டு ஐம்பதுக்கு சைரன் ஊதியது.  அளவுநாடாவைக் கழுத்திலேயே விட்டுவிட்டு வாசல் தகரக் கொட்டகைக்கு ஓடினேன். பட்டியலை விரித்து ஒன்றாம் நம்பரை அழைத்தேன். தெருவுக்கெல்லாம் பை தைத்துக் கொடுத்த மகராசியின் பை, மாற்று இன்ஹேலரோடு, முப்பத்தொன்பதாம் நம்பர் வீட்டில் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

போனில் நலம் விசாரிக்கக் கூடாது, ஒரு கேள்வி ஒரு பதில் என்பது நான் போட்ட சட்டம். இரண்டு ஐம்பத்தாறுக்குப் பதினேழாம் நம்பர் வந்தது.

"கிளம்பிட்டியா?"

"கிளம்பிட்டேன்டி. நீ உன் பையை எடுத்தியா?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ முதல்ல கிளம்பு."

"கிளம்பிட்டேன்னுதானே சொல்றேன். இதோ வந்துட்டேன்."

போனை வைத்தேன். டிக் போட்டேன். பதினெட்டாம் நம்பரை அழைத்தேன்.

இன்ஹேலர் கையில்தான் இருக்கிறது என்று சொல்ல எத்தனை நொடி ஆகியிருக்கும் என்று பிறகு எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். இரண்டு நொடிகூட ஆகாது.

மூன்று பதினைந்துக்குள் தெரு முழுக்க இறங்கி வந்துவிட்டது. ஒத்திகை பார்த்தது வீண்போகவில்லை. படுக்கையில் இருந்த இருவரை மருந்துக்கடைக்காரரின் தம்பிமார்கள் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். ஆரஞ்சுப் பைகள் ஒவ்வொன்றாக வாசலைக் கடந்தன, நான் இரண்டாவது டிக்கைப் போட்டுக்கொண்டே போனேன். இரண்டு பஸ் நிரம்பிப் போய்விட்டது. மூன்றாவது பஸ் எஞ்சினை ஓடவிட்டு நின்றது. ஒரே ஒரு கட்டம்தான் காலி. அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கோபம்தான் வந்தது. இன்றைக்குமா சீப்பு தேடுகிறாள், வரட்டும், பஸ்ஸில் வைத்து நாலு கேள்வி கேட்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. நடந்துகொண்டிருப்பாள் என்று கரண்ட்காரர் சொன்னார். நீங்கள் ஒன்று, இனிமேல்தான் கதவைப் பூட்டவே எழுந்திருப்பாள் என்றேன்.

மூன்று இருபத்திரண்டுக்கு மலை இறங்கியது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டும் சத்தம், ஆனால் நிற்கவே இல்லை. நின்றபோது முப்பதாம் நம்பருக்கு மேலே தெரு என்று ஒன்று இல்லை. சேறும் மரமும் கல்லும் பிதுங்கிக் கீழேயும் வழிந்து, அக்கா வீட்டு வரிசையில் கூரை மட்டும் தெரிந்தது. நான் ஓடினேன். நாலு பேர் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். மூச்சு அடைத்தது. கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து உறிஞ்சினேன்.

மீட்புக்குழு ஐந்து மணிக்குள் வந்துவிட்டது. பாதை உடைந்திருந்ததால் மண் அள்ளும் எந்திரம் ஒன்றுதான் உள்ளே வர முடிந்தது. குழுவின் அதிகாரி சின்ன வயசுக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். பட்டியலை வாங்கிப் பார்த்து, இவ்வளவு ஒழுங்கான பட்டியலை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை என்றார். நாற்பத்திரண்டு வீட்டில் ஒரே ஆளைத் தேடினால் போதும் என்பது பெரிய விஷயம் என்றார். போனில் உங்கள் அக்கா என்ன சொன்னார் என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப வீட்டை விட்டு வெளிய வந்துட்டாங்க. வழியில எங்கயோதான் இருக்கணும். வேற எங்கயாவது போயிருப்பாங்களா?"

"இல்லைங்க. எங்கக்காவை எனக்குத் தெரியும். அவ கிளம்பிட்டேன்னு சொன்னா வீட்டுக்குள்ளதான் இருப்பா."

அவர் இன்னொரு முறை கேட்டார். பெட்டி எடுக்க, யாரையாவது கூட்டிவர, எதற்காகவாவது மேலே போயிருக்க வாய்ப்புண்டா என்றார். நான் அடித்துச் சொன்னேன். அவள் அந்த வார்த்தையை எப்படிப் பயன்படுத்துவாள் என்று விளக்கமாகச் சொன்னேன். சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். தெருவுக்கே தெரிந்த விஷயம்தானே. பட்டியலின் பின்பக்கத்தில் அவள் வீட்டு வரைபடம் போட்டேன். பின்அறையில் கண்ணாடி இருக்கும் சுவரில் பெருக்கல் குறி போட்டு, இங்கேதான் இருப்பாள், சீப்போடு, என்றேன். அவர் வரைபடத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எந்திரத்தைப் பதினேழாம் நம்பருக்குத் திருப்பச் சொன்னார்.

இரண்டு நாள் தோண்டினார்கள். ஒரு மணிக்கொரு தரம் எந்திரத்தை நிறுத்திவிட்டு ஒருவர் விசில் ஊதுவார். பிறகு எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு பதில் சத்தம் வருகிறதா என்று கேட்போம். நானும் மண்ணில் காதை வைத்துக் கேட்டேன். அக்கா, இதோன்னு ஒரு தடவை சொல்லு, அது போதும் என்று மண்ணைப் பார்த்துச் சொன்னேன். மழைதான் சொட்டிக்கொண்டிருந்தது. இரவில் பள்ளிக்கூட வகுப்பறையில் படுக்கவைத்தார்கள், கண்ணை மூடவில்லை. தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். டைலரம்மா இல்லாவிட்டால் எங்கள் கதி என்ன என்று ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் கையை உதறிவிட வேண்டும் போலிருந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் கூரையைப் பிரித்து உள்ளே இறங்கினார்கள். பின்அறையில் யாரும் இல்லை. கண்ணாடிக்குக் கீழே பலகையில் சீப்பு இருந்தது, இருக்க வேண்டிய இடத்தில். சமையலறையில் கேஸ் அணைத்திருந்தது. கதவுக்குப் பின்னால் ஆணி மட்டும் இருந்தது. கதவைத் திறக்க முடியாமல் வெளிப்பக்கம் மண்ணை வாரினார்கள். கொஞ்ச நேரத்தில் அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். 

"கதவு வெளிப்பக்கம் பூட்டியிருக்குங்க."

 பூட்டு என்ற சொல் காதில் விழுந்ததுமே போனில் கேட்டதெல்லாம் ஒன்றுவிடாமல் திரும்பக் கேட்டது. கிளம்பிட்டேன்டி. நீ உன் பையை எடுத்தியா. நான் கேட்ட கேள்விக்கு அவள் உண்மையான பதிலைத்தான் சொல்லியிருந்தாள். அவள் கேட்ட கேள்விக்கு நான்தான் பதில் சொல்லவில்லை. கையைத் தூக்கி மேலே காட்டினேன், முப்பத்தொன்பதாம் நம்பர் இருந்த பக்கம்.  அந்த மனிதர் 'இங்கே என்று நீங்கள்தானே சொன்னீர்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆட்களைக் கூப்பிட்டு எந்திரத்தை மேலே ஏற்றச் சொன்னார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவளை எடுத்தார்கள். என் வீட்டு வாசல்கதவுக்கு இரண்டடி உள்ளே. சாவி பூட்டிலேயே இருந்தது. இரண்டு தோளிலும் இரண்டு ஆரஞ்சுப் பைகள், பதினேழு, முப்பத்தொன்பது. எல்லோரும் தெருவில் இறங்கிவந்த அந்த நேரத்தில் இவள் பின்சந்தில், படிகளில் பாய்ந்த மழைத்தண்ணீரை எதிர்த்து மெதுவாக ஏறிப் போயிருக்கிறாள், அதனால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அவள் பையைத் திறந்து காட்டினார்கள். பத்திரங்கள் பிளாஸ்டிக் உறையில், மாத்திரை மாத்திரைப் பாக்கெட்டில், டார்ச் டார்ச்சின் இடத்தில், ஒரு மாற்றுத்துணி க்ளினிக் விரிப்பு மாதிரி மடிப்புக் கலையாமல். நான் வீடு வீடாகச் சொன்னபடியே நாற்பத்திரண்டு பேரில் ஒருவர் அடுக்கியிருந்தார் என்றால் அது அவள்தான்.

டாக்டர், சுவர் விழுந்த அந்த நிமிடத்திலேயே உயிர் போயிருக்கும், எதுவும் தெரிந்திருக்காது என்றார். நான் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் அதே வார்த்தைகளைச் சொன்னார். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வாரோ என்னவோ. முதல் நாள் எந்திரத்தை நிறுத்திவிட்டு நாங்கள் காது கொடுத்ததெல்லாம் கீழ் வீட்டில். மேலே யாரும் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். விசில் இரண்டு பையிலும் கொக்கியை விட்டுக் கழற்றப்படாமல் இருந்தது. உயிர் இருந்திருந்தால் எடுத்து ஊதியிருப்பாள். ஊதத் தெரியும், நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

பாதை சரியாகி அக்கா மகள் அன்று மதியம் வந்து சேர்ந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வக்கில்லை. ஆனாலும் வேறு யாராவது சொல்லி அவள் தெரிந்துகொள்ளக் கூடாது என்று வகுப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் நானே சொன்னேன். போனில் பேசியது, நான் பேச்சை வெட்டியது, வரைபடம் போட்டது, இரண்டு நாள் போனது. உங்கம்மா சொன்ன சொல்லை நான் நம்பல, அதான் நடந்தது என்றேன். அவள் பிள்ளைகளின் சின்ன பெஞ்சில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அம்மா ரெண்டு மாசமா பழகிக்கிட்டு இருந்தாங்க சித்தி" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"தினம் வேலை முடிஞ்சு வந்ததும் எனக்குப் போன் போடுவாங்க. எண்ணுடின்னு சொல்லிட்டு ஓடுவாங்க. கேஸை அணைச்சு, பையை எடுத்து, கதவைப் பூட்டி, தெருவுல கால் வைக்கிற வரைக்கும் நான் எண்ணணும். முதல்ல பதினொண்ணு. அப்புறம் எட்டு. போன வாரம் நாலு நிமிஷம்."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன். சொல்லாதே, அடுத்த ஒத்திகையில அவளே பாக்கட்டும், எல்லார் முன்னாடியும் பாக்கட்டும்னு சொல்லிட்டாங்க."

 நான் அழவில்லை என்று சொன்னால் அது பொய். அந்தக் குழந்தை என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. முப்பது வயசுக் குழந்தை. அவள் தூங்கியபின் பட்டியலை எடுத்தேன். சேறு பட்டு ஓரம் சுருண்டிருந்தது. பதினேழாம் நம்பருக்கு நேராக ஒரு டிக், ஒரு காலிக் கட்டம், கடைசியில் நிமிடம் எழுத வேண்டிய காலிக் கட்டம். அந்தக் கடைசிக் கட்டத்தில் நாலு என்று எழுதினேன். நடுக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது எங்களை வேறு இடத்தில் தகரக்கூரை வீடுகளில் வைத்திருக்கிறார்கள். அங்கேயும் வெள்ளம் வருமாம், அங்கேயும் ஒரு பட்டியல் வேண்டுமாம். என்னால் ஆகாது என்று தலைகீழாக நின்றேன். கரண்ட்காரர் நாலு நாள் தொடர்ந்து வந்து உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் வாங்கிக்கொண்டேன். இப்போது நான் கிளம்பிட்டீங்களா என்று கேட்பதில்லை. எங்கே நிற்கிறீர்கள், கண்ணுக்கு முன்னால் என்ன தெரிகிறது, கையில் என்ன இருக்கிறது என்று கேட்கிறேன். அவர்கள் என்னிடம் ஏதாவது கேட்டால் பதில் சொல்லிவிட்டுத்தான் போனை வைக்கிறேன். முன்பு பதினைந்து நிமிடத்தில் முடிந்தது இப்போது இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. டைலரம்மாவுக்கு வாய் நீண்டுவிட்டது என்கிறார்கள். நான் திட்டுவதை விட்டுவிட்டதை அவர்கள் கவனித்தார்களா தெரியவில்லை. பைகளைப் புது வீட்டு நம்பர் போட்டு மறுபடி தைத்தேன், நாற்பது. எனக்கு மட்டும் தைக்கவில்லை; அக்கா எடுத்து வைத்த என் பை என்னிடம் இருக்கிறது.

போன வாரம் விடுமுறைக்கு வருகிறேன் என்று அக்கா மகள் சொல்லியிருந்தாள். அவள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஆறு மணி நேரம். காலை ஏழு மணிக்குப் போன் வந்தது.

"கிளம்பிட்டேன் சித்தி" என்றாள்.

பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பாத்திரம் உருளும் சத்தமும் கேட்டது. அம்மாவைப் போலவே தப்பாமல் பிறந்திருக்கிறாள்.

"சரிம்மா" என்றேன். கடையைச் சாத்தினேன். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய், அவள் வரும் வரை அங்கேயே நின்றேன்.